மருமகள் போட்ட அட்டவணை

நான் அரசு அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோப்புகளைக் கலக்கக் கூடாது என்பது விதி. ஆகவே இதய மருத்துவருக்கு ஒரு கோப்பு, சர்க்கரை மருத்துவருக்கு ஒரு கோப்பு என வைத்திருந்தேன். ஒருவருடையதை மற்றவருக்குக் காட்டியதில்லை.

சில மாதங்களாகத் தலைசுற்றல். செஞ்சி பேருந்து நிலையத்தில் இருமுறை விழப் பார்த்தேன். காரணம் வயது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன்.

நர்ஸாக இருக்கும் என் மருமகள் ஆன்லைனில் மருத்துவத் தகவலியல் முதுகலை படிக்கிறாள். செல்போனில் என்ன பட்டம் என்று கேலி செய்வேன். ஒருவரின் மருந்துச் சீட்டுகளை ஒரே அட்டவணையாக்கும் பயிற்சிக்காக என் கோப்புகளைக் கேட்டாள். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

அரை மணியில் பதறி வந்தாள்.

"மாமா, ரெண்டு டாக்டரும் ஒரே பிரஷர் மாத்திரைய வேற வேற பேர்ல எழுதிக்கிறாங்க. ரெண்டையும் முழுங்கினா தலை சுத்தாம இன்னா பண்ணும்?"

"விதிப்படி தனித்தனியா வச்சேம்மா."

"ஃபைலு ரெண்டு, சரி. ஒடம்பு ஒண்ணுதானே மாமா!"

அன்றே இதய டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் ஒன்றை நிறுத்தினார், தலைசுற்றலும் நின்றது.

இப்போது எந்த மருத்துவரிடமும் அவளுடைய அட்டவணையைத்தான் முதலில் நீட்டுகிறேன். புது மாத்திரையை அவள் ஒப்புதலின்றி விழுங்குவதில்லை. பணிக்காலத்தில் எந்த மேலதிகாரியிடமும் இவ்வளவு மனமுவந்து ஒப்புதல் கேட்டதில்லை.