ஐயா பிழையாகச் சொன்ன கணக்குகள்

மகள் குசினியில் சின்ன வெங்காயப் பையை அவிழ்த்ததும் காய்ந்த தோலின் நெடி மூக்கில் ஏறியது. எனக்கு உடனே நான் வளர்ந்த பண்டத்தரிப்பு வீடு நினைவுக்கு வந்தது. பின்னேரங்களில் ஐயா, அம்மா, அக்கா, நான் நால்வரும் சாக்கை விரித்துக் குந்தியிருந்து, வெங்காயத்தை நாரால் பிடி பிடியாகக் கட்டுவோம். கட்டிக்கொண்டே ஐயா கணக்குச் சொல்லுவார்.

"பிடிக்கு முப்பத்தாறு வெங்காயம். இருபத்தைஞ்சு பிடிக்கு எண்ணூறு. சரிதானே?"

"பிழை ஐயா! தொளாயிரம்!" அக்கா துள்ளுவாள்.

அவர் வேண்டுமென்றே பிழைவிடுகிறார் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஐயாவைப் பிடித்துக்கொடுக்கும் ஆசையிலேயே நாங்கள் வாய்ப்பாடு முழுவதையும் பாடமாக்கினோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்கா பொறியியல் படிக்கச் சோதனை எழுதினாள். நல்ல புள்ளிகள். ஆனால் அந்த முறை, தமிழில் எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அதே புள்ளிகளோடு சிங்களத்தில் எழுதியவர்கள் உள்ளே போனார்கள். அக்கா வீட்டில் நின்றாள்.

அது தெரியவந்த அன்று பின்னேரமும் பிடி கட்டினோம். ஐயா அக்காவின் நான்கு பாடப் புள்ளிகளையும் வாய்விட்டுக் கூட்டினார். திரும்பவும் கூட்டினார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"பிழை எண்டு சொல்லு, பிள்ளை."

அக்கா குனிந்தபடி நாரை இறுக்கினாள்.

"சரிதான் ஐயா."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் கணக்குச் சொல்லவில்லை.

"எத்தினை வெங்காயம் உரிக்கிறது அம்மா?" என்கிறாள் மகள்.

"எண்ணாதை," என்கிறேன். "உரி."