திரும்பிப் பார்க்காத டெலியா

டெலியா கின்னீன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். அதைவிட முக்கியமாக, ஓடுகிறவள். இரண்டில் எது பிழைப்பு, எது வாழ்க்கை என்று அவளிடம் கேட்டால் கேட்டவருக்குத்தான் வசவு விழும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பேருந்தை மதிலோரம் நிறுத்துவாள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு நாக்பெக் மேட்டுச் சாலையில் கிளம்பிவிடுவாள். மழையானாலும் அப்படித்தான். மழைக்குப் பயந்தால் அயர்லாந்தில் எங்கள் கிளேர் பக்கம் ஜூலை மாதம்கூட வெளியே தலைகாட்ட முடியாது.

நான் அசம்ப்டா. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு வருவது என் வேலை. டெலியாவும் நானும் ஒரே ஓட்டக் கிளப். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் எங்கள் கிளப்பில் நாலே பேர். மாவட்ட வயல்வெளி ஓட்டத்தில் ஓர் அணிக்கும் நாலு பேர்தான் கணக்கு. நாலு பேரும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை. ஒருத்தி படுத்துக்கொண்டால் அணியே கிடையாது. போன வருடம் ரத்பீன் கிளப்பிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். முடிவுக் கோட்டுக்கு முன்னால் அந்தக் கிளப்பில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். அவள் எப்போது வந்தாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெலியா அப்போதே சபதம் போட்டுவிட்டாள். "அடுத்த நவம்பர்ல அந்தக் கோப்பை நம்ம கிளப்புக்கு வரல, நான் ஷூவைத் தூக்கி ஏரியில போட்டுடறேன்" என்றாள். அவள் சொன்னால் போடுவாள். புது ஷூவாக இருந்தாலும் போடுவாள்.

அவளுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, சாலையில் ஓடும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிக்கு முகம் கொடுத்து ஓட வேண்டும். ஓட்டுநரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் நம்மைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். தூக்காவிட்டால் புல்லில் ஏறிவிட வேண்டும். இரண்டாவது சட்டம் எங்கள் பயிற்சியாளர் பாட்ஸி ஹோகன் போட்டது. பந்தயத்தில் திரும்பிப் பார்க்கவே கூடாது. "நீ திரும்பிப் பாத்தா, பின்னால வர்றவளுக்கு இலை போட்டு விருந்து வெச்ச மாதிரி" என்பார். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. டெலியாவோ வீட்டில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால்கூட உடம்பையே திருப்புவாளே தவிரக் கழுத்தைத் திருப்ப மாட்டாள்.

மூன்றாவதாக ஒரு வெறுப்பும் இருந்தது. சைக்கிள்காரர்கள். அவள் பேருந்துக்கு முன்னால் ஒருவர் மிதித்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "உக்காந்துக்கிட்டுச் செய்யறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்பாள்.

ஆகஸ்டில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். கிளட்ச் மிதிக்கும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்து நான்தான் அவளை ஃபியக்ராவிடம் இழுத்துப் போனேன். ஃபியக்ரா எங்கள் ஊரின் பிசியோ. சின்ன வயதில் அவள் பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போனவன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் என்றான். அக்டோபரில் இலை உதிரும்வரை ஓட்டம் கூடாது என்றான்.

"என் பஸ்ல வாந்தி எடுத்தவன் நீ. எனக்கே சட்டம் போடறியா?" என்றாள் டெலியா.

"வாந்தி எடுத்தாலும் எலும்பு விஷயம் எனக்குத் தெரியுங்க. இப்ப ஓடினீங்கன்னா நவம்பர் இல்ல, அடுத்த வருஷமும் கிடையாது. சைக்கிள் மிதிங்க."

"வேற ஏதாவது சொல்லு."

"நெஞ்சும் தொடையும் ஓடுறதா நெனச்சுக்கும், எலும்புக்கு அடி விழாது. லேசான கியர்ல வேகமா மிதிக்கணும். உங்களுக்கு இருக்கிற கோவத்துக்குப் பெரிய கியரைப் போட்டு இடிக்கத் தோணும். இடிச்சா முட்டி போயிடும். ஓடறப்ப கால் எவ்வளவு சுருக்கா விழுமோ, அதே தாளத்துல சுத்துங்க."

டெலியா வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அம்மாவின் அடக்கத்தன்றுகூடத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டுதான் இருந்தாள்.

டெலியாவின் கணவர் மோஸி மாடு வளர்க்கிறவர். அவர் தன் தங்கையின் பழைய சைக்கிளைக் கொட்டகையிலிருந்து உருட்டி வந்தார். சீட்டில் கோழிகள் அடைந்து அடைந்து அது வெள்ளையாகவே ஆகியிருந்தது. தேய்த்துக் கழுவி, பிரேக் மாற்றி, முன்னும் பின்னும் விளக்கு மாட்டிக் கொடுத்தார். பகலிலும் விளக்கை எரியவிடச் சொன்னார். பேருந்து வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டையை அவள் மாட்டிக்கொண்டாள். ஊரே ஜன்னலில் நின்று பார்த்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பால் பண்ணைத் திருப்பத்தில் வண்டியைத் திருப்புகிறேன், என் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே, தலையை நிமிர்த்திக்கொண்டு, என் கண்ணையே உற்றுப் பார்த்தபடி ஒரு மஞ்சள் சட்டை வருகிறது. பிரேக்கில் ஏறி நின்றேன். கார் நின்றது. டெலியா நிற்கவில்லை, முள்வேலிக்குள் போய்விட்டாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால் ப்ளாக்பெர்ரி முள்ளுக்குள் மல்லாந்து கிடக்கிறாள். அடி எதுவும் இல்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"கண்ணு தெரியல உனக்கு? உன் கண்ணைப் பாத்துக்கிட்டேதானடி வந்தேன்!"

"எந்தப் பக்கத்துல வந்தே? அடிப்பாவி, நீ வலதுல வர்றே! சைக்கிள் இடது பக்கம் போகணும்!"

"நான் எப்பவும் வலதுலதான் போவேன்!"

"ஓடும்போது! ஓடும்போது! புல்லுல ஏறிக்கலாம். இதை வெச்சுக்கிட்டு எங்கடி ஏறுவே? நீயும் வேகமா வர்றே, நானும் வேகமா வர்றேன், நடுவுல மூச்சு விட நேரம் இல்ல!"

அவளுக்கு அது தெரியாதா என்ன? பேருந்து ஓட்டுகிறவள். ஓட்டக்காரக் கால் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவள் சுடுகாட்டுக்கே போகப் பார்த்தாள். அவளை அறையவேண்டும் போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடது பக்கம் போனேன் அசம்ப்டா" என்றாள். "வீட்டு வாசல்ல இருந்து இடதுலதான் கிளம்பினேன். பின்னால ஒரு லாரி சத்தம் கேட்டுச்சு. என்னால முடியல. தன்னால வலதுக்கு மாறிட்டேன்."

"லாரிதானே? அது பாட்டுக்குப் போகும்."

"எப்படித் தெரியும்? அந்த ஒசந்த சீட்டுல உக்காந்து எத்தனை பேரு மடியில போனை வெச்சுப் பாக்கறாங்கன்னு தினம் பாக்கறேன். அப்படி ஒருத்தனை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? எனக்கு பயமா இருக்குடி."

டெலியா அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குப் புதிது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டேன். நவம்பர் கோப்பை போய்விட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனால் டெலியாவைப் பற்றி நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். அவள் அந்தச் சனிக்கிழமை பேருந்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மோஸியைச் சைக்கிளில் ஏற்றிச் சுற்றவிட்டாள். மோஸி மாட்டுக்கொட்டகை ரப்பர் பூட்ஸோடு மிதித்தார். நான் வேடிக்கை பார்த்தேன்.

"இப்ப எங்க இருக்கே?" என்று ஜன்னல் வழியே கத்தினாள்.

"உன் இடப்பக்கம், கதவுக்குக் கீழே!"

"தெரியல! சுத்தமாத் தெரியல! நீ செத்துட்டே மோஸி!"

"இன்னைக்கு மூணாவது தடவை சாகறேன். டீ உண்டா?"

"வேலியை ஒட்டிப் போ!"

போனார். வேலி நிழலில் மஞ்சள் சட்டைகூடக் கரைந்து போனது. "ஒரு கை தூரம் வெளிய வா!" என்றாள். வந்தார். தெரிந்தார். நான் ஓரத்துக்கு ஒதுங்குவதுதான் பத்திரம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். ஒதுங்க ஒதுங்கத்தான் ஓட்டுகிறவருக்கு ஆள் இல்லாத சாலையாகத் தெரிகிறது.

அப்புறம் பேருந்தை மெதுவாக நகர்த்தி மோஸிக்குப் பின்னாலேயே போனாள். முன்னால் நின்ற குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போவதற்காக மோஸி வலது தோளுக்கு மேலே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். உடனே பேருந்து தயங்கி நின்றது. டெலியா கீழே குதித்தாள்.

"நான் நிறுத்தணும்னு நெனைக்கவே இல்ல. அவன் முகம் தெரிஞ்சதும் கால் தன்னால பிரேக்குக்குப் போகுது" என்றாள். "முதுகா இருந்தப்ப ஏதோ ஒரு மஞ்சத் துணி. திரும்பினதும் மோஸி."

"கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் முகத்தைப் பாக்கறா" என்றார் மோஸி.

அன்று மத்தியானம் முழுக்கக் கைப்பந்துக் களத்தின் வெள்ளைக் கோட்டின் மேலே டெலியா சைக்கிள் விட்டாள். கோட்டை விட்டு விலகாமல் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். முதலில் கழுத்து திரும்பினால் கையும் திரும்பியது. சைக்கிள் நேராக மதிலுக்குப் போனது. கழுத்துக்கும் கைக்கும் தனித்தனியே வசவு விழுந்தது. இருட்டுவதற்குள் கோட்டின் மேலேயே போய், தோளுக்கு மேலே என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அதன் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. இடது பக்கம், வேலியிலிருந்து ஒரு கை தள்ளி, லேசான கியரில் காலைக் காற்றாடியாகச் சுழற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் ஏறுவாள். பின்னால் சத்தம் கேட்டால் தலை திரும்பும். ஓட்டுநரைப் பார்ப்பாள், ஒரு விரலைத் தூக்குவாள். நானே பலமுறை அவளுக்குப் பின்னால் காரில் மாட்டிக்கொண்டு, வசவு வாயில் வந்து, அந்த முகம் திரும்பியதும் விழுங்கியிருக்கிறேன். நின்றிருக்கும் லாரிக்கு இடப்பக்கம் அவள் நுழைந்ததே இல்லை. அங்கேதான் மோஸி மூன்று முறை செத்தார். வெயில் சாய்ந்து எதிரே வரும் ஓட்டுநருக்குக் கண் கூசும் நேரத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மானம் போகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அக்டோபர் கடைசியில் ஃபியக்ரா எலும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஓடலாம் என்றான். முதல் நாள் அவளோடு ஓடினேன். மூச்சு அப்படியே இருந்தது. மேட்டில் முன்பைவிடப் பலம் கூடியிருந்தது. எனக்குத்தான் நாக்குத் தள்ளியது.

பந்தய நாளன்று வயல் முழுக்கச் சேறு. பாட்ஸி குடையோடு கடைசி மேட்டின் அடியில் நின்றார். எங்கள் அணியில் முதல் இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள். டெலியா மூன்றாவது; ரத்பீன்காரி ஒருத்தியோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு போனாள். நான் கொஞ்சம் பின்னால். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் மேட்டில் ஏறினேன். நிம்மதி வந்தால் கால் தளர்ந்துவிடும்.

அப்போது டெலியா வலது தோளுக்கு மேலே தலையைத் திருப்பினாள்.

கீழே பாட்ஸி "ஐயோ!" என்று அலறியது இந்தப் பக்கம் வரை கேட்டது. பக்கத்தில் ஓடிய ரத்பீன்காரி, இவள் களைத்துவிட்டாள் என்று நினைத்து எட்டு வைத்து முந்தினாள். டெலியா அவளைப் பார்க்கவே இல்லை. கால் கோட்டை விட்டு விலகாமல் ஓடிக்கொண்டே என்னைத் தாண்டி எதையோ பார்த்தாள்.

"அசம்ப்டா! பின்னால ஒண்ணு வருது! வலப்பக்கம்! சிவப்புத் தொப்பி!"

எனக்கு எங்கிருந்து வேகம் வந்தது என்று கேட்காதீர்கள். சேறு கண்ணில் தெறித்தது. பின்னால் அவள் மூச்சு என் காதில் விழுந்தது, முடிவுக் கோட்டில் அது என் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தாண்டவில்லை. டெலியாவும் சைக்கிள் தொடையை வைத்துக்கொண்டு மேட்டு உச்சியில் தன் ரத்பீன்காரியைத் திரும்பவும் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். ஒரே ஒரு புள்ளியில் கோப்பை எங்களுக்கு வந்தது.

பாட்ஸி குடையை மடக்காமலே ஓடி வந்தார். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"முப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்! திரும்பிப் பாக்காதே, திரும்பிப் பாக்காதேன்னு!"

டெலியா சேற்றில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் அதை ஏரியில் போட வேண்டியதில்லை.

"நீ சொன்னது பயந்து பாக்காதேன்னு, பாட்ஸி" என்றாள். "நான் என் ஆளு வர்றாளான்னு பாத்தேன்."