மறந்ததாகச் சொன்ன சொற்கள்

சஸ்காட்செவன் கோதுமைக் காட்டிலிருந்து போன டேல் வொரோனா பதினோரு பருவங்கள் ஐஸ் ஹாக்கி ஆடிப் பிழைத்தான். போட்ட கோல்கள் மொத்தம் ஒன்பது. அணி அவனை வைத்திருந்தது அதற்கல்ல. அணியின் நட்சத்திரத்தை எவனாவது இடித்தால், கையுறையை உதறிவிட்டு இடித்தவன் முகரையைப் பெயர்க்க வேண்டும். அரங்கமே எழுந்து நின்று கத்தும். திருப்பி அடி வாங்கிய தலையைப் பற்றி எவன் கேட்டான்?

செப்டம்பர்தோறும் அணி மருத்துவர் நினைவுச் சோதனை வைப்பார். ஐந்து சொற்களைப் படித்துக்காட்டி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பார். பருவத்தின் நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி சோதனை. செப்டம்பரில் எடுத்ததைவிட மதிப்பெண் இறங்கியிருந்தால் ஆட விடாமல் உட்காரவைப்பார்கள். உட்கார்ந்தவன் இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அதனால் உடைமாற்றும் அறையில் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: செப்டம்பரிலேயே மக்கு வேஷம் போட்டுவிடுவார்கள்.

"ரெண்டே ரெண்டு சொன்னேன் ரோண்டா! டாக்டர் என்னைப் பாவமா பாக்குறார்," என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லுவான்.

"உன்னைப் பத்தி அவருக்காச்சும் தெரிஞ்சுதே!" என்று அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது அவளுக்கு.

நாற்பத்தெட்டு வயதில் அவன் அடுப்பை எரியவிட்டு, வெறும் காலுறையோடு பனியில் நடந்து போய்விடுகிறான். பள்ளிச் சமையற்கூட வேலையை ரோண்டா விட்டால் வீடு ஓடாது. விடாவிட்டால் வீடே எரியும். ஹாக்கியால்தான் தலை கெட்டது என்று போட்டிகளை நடத்தும் லீக் அமர்த்திய மருத்துவர் எழுதிக்கொடுத்தால், லீக் செலவில் பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். அந்த ஒரு கடிதத்துக்காக நான்கு மணி நேரம் காரோட்டி வந்தாள்.

லீக் மருத்துவரும் அதே ஐந்து சொல் சோதனையை வைத்தார். டேல் இரண்டு சொற்கள் சொன்னான். மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டினார்.

"இருபத்திமூணு வயசுலயும் ரெண்டுதான். எதுவும் குறையலையே, மிஸஸ் வொரோனா."

"அப்ப வேணும்னே தப்பா சொன்னார் டாக்டர்! எல்லாருமே அப்படித்தான் செஞ்சாங்க."

"அப்ப பொய் சொன்னார்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது நிஜம்னு நான் எப்படி எழுதறது?"

ரோண்டா வாதாடினாள், கெஞ்சினாள், கடைசியில் திட்டவும் செய்தாள். கோப்பில் தேதி இருந்தது, மதிப்பெண் இருந்தது, டேலின் கையெழுத்தும் இருந்தது. தன் தலையில் தானே வாரிப் போட்டுக்கொண்ட மண்ணை எந்த மருத்துவர் தட்டிவிடுவார்?

காரில் ஏறியதும் டேல் கேட்டான்: "டாக்டர் என்ன சொன்னார்?"

சொன்னாள். பெட்ரோல் போட நின்ற இடத்தில் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவளிடம் தெம்பில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையாம், டேல்."

"பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று அவள் தோளில் தட்டிச் சிரித்தான்.