வெள்ளிக்கிழமைக் குழம்பு

கடவுளுடைய சித்தத்தைக் கையில் வாங்கி, வாசித்துப் பார்த்து, பிடிக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டவன் நான். துணிக்கடையில் சட்டையை மாற்றுகிறவன்கூட கொஞ்சம் கூச்சப்படுவான். எனக்கு அதுவும் வரவில்லை.

2006 புத்தாண்டு காலை ஆராதனையில் நடந்தது இது. வருஷப் பிறப்பன்று எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஆளுக்கொரு வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை அதுதான். வீட்டில் வர முடியாதவர் இருந்தால் அவருக்கும் சேர்த்து ஒன்று எடுக்கலாம். ஆனால் அதை நாம் வாசிக்கக் கூடாது, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு வந்த அட்டை, மனஸ்தாபத்தில் இருப்பவரிடம் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு அப்புறம் காணிக்கையோடு வா என்றது. நிமிர்ந்து பார்த்தேன். போதகர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். அட்டையைக் கவிழ்த்துத் தட்டின் ஓரத்தில் செருகிவிட்டு இன்னொன்றை உருவினேன். நீ சும்மா இரு, ஆண்டவர் உனக்காகப் பார்த்துக்கொள்வார் என்கிற பொருளில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. சும்மா இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

பிறகு என் மனைவிக்கு ஒன்று எடுத்து, வாசிக்காமல் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன். அவள் ஊரில் இல்லை. போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.

போனதற்குக் காரணம் என் வாய். மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் வேலை இருக்காது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீருக்கு அடியில் கிடக்கும். கைக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கு வாய் இரண்டு ஷிப்ட் பார்க்கும். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். நான் எழுந்தாலே சபை சிரிக்கத் தயாராகிவிடும். முதலில் வெள்ளிக்கிழமைக் குழம்பைச் சொன்னேன். மற்ற ஆறு நாளும் சரியாக இருக்கிற குழம்பு வெள்ளிக்கிழமையில் மட்டும் ஒன்று சப்பென்று இருக்கும், இல்லையென்றால் திரும்பப் பாத்தியில் ஊற்றிக் காயவைக்கிற அளவுக்குக் கரிக்கும். உப்பளத்துக்காரன் வீட்டில் இந்த நிலைமை, இதுவும் தேவ சித்தம் என்று விழுங்கிவிடுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குப் போதை ஏறிவிடும். கல்யாணமாகி எட்டு வருஷமாக ஆண்டவர் பிள்ளை தரவில்லையே, ஏன் தெரியுமா என்று கேட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது, அது நான்தான், இரண்டாவதை அவளால் சமாளிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும் என்றேன். நாங்கள் ரெண்டு பேரும் இதை அவர் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டோம், இனி கேட்கப்போவதில்லை என்று முடித்தேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள், உப்பு சரியாக இருந்தது. மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளியனூருக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நாலு ஜோக்கடித்துச் சமாளித்திருப்பேன். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

கேட்டவர்களிடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். முதலில் காய்ச்சல் என்றேன். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிறிஸ்துமஸ் வருவதற்குள் அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, மூச்சிரைப்பு, கண்ணில் புரை எல்லாம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அடக்க ஆராதனையே நடத்தியிருப்பேன்.

ஜனவரியில் வேலை தொடங்கியது. தேங்கிய தண்ணீரை இறைக்க என்ஜினைப் போட்டுவிட்டு, ஆள் சேர்ந்து பாத்தி மிதிப்போம். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக வரும். புருஷனும் பெண்சாதியுமாக வரிசையில் நின்று, ஒருவர் கால் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கால் வைத்து நகர்வார்கள். என் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதையும் நானே திரும்ப வந்து மிதித்தேன். பாத்தி முழுக்க என் ஒருவன் காலடியாகவே இருந்தது. பார்ப்பதற்கு யாரோ வழி தெரியாமல் சுற்றியது போல இருந்தது.

சுனாமியில் கடல் ஏறி வந்துபோனபோது நிவாரணமாகக் கிடைத்த நீலத் தார்ப்பாய்தான் என்ஜின் கொட்டகைக்குக் கூரை. அதற்குள் என் வாக்குத்தத்த அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். மாமியாருக்குப் பக்கத்து வீட்டில் போன் இருந்தது. எஸ்டிடி பூத் வாசல்வரை இரண்டு முறை போனேன். சும்மா இருக்கச் சொன்ன பிறகு போன் போட்டால் ஆண்டவரை நம்பாதது போல ஆகிவிடாதா? நல்ல விசுவாசியாகத் திரும்பி டீக்கடைக்குப் போய்விடுவேன். சமைக்கிற ஆள் இல்லாததால் பாதி நாள் எனக்குச் சாப்பாடே டீதான். ஒரு நாள் எட்டாவது கிளாசைக் கேட்டபோது கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்பா, ஊட்ல அடுப்பு எரியுதா இல்லியா?”

கேஸ் தீர்ந்துவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் விறகடுப்பு என்பது அவருக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் டீயை ஆற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, தம்பி சாட்சி சொல்லி ரொம்ப நாளாச்சே என்றார். எழுந்தேன். கைவசம் ஒன்று இருந்தது, நல்ல ஜோக். வாயைத் திறப்பதற்கு முன்னால் என் கண் தானாக ஜன்னலோரத்துக்குப் போனது. அங்கே பாயில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. இத்தனை வருஷமும் ஜோக் சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேர் அதற்கும் சிரித்தார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டு, அவளுடைய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சமாதானம் பேசப் போகவில்லை, தபால் கொடுக்கத்தான் போகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கை அரித்தது. ஏற்கெனவே ஒரு தடவை திருட்டுத்தனம் செய்தாயிற்று என்று அடக்கிக்கொண்டேன்.

நான் அத்தனை வியாதி கொடுத்திருந்த மாமியார் வாசலில் திடமாக நின்று விறகு பிளந்துகொண்டிருந்தார். வாங்க மாப்ள என்று கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, மகள் சமைத்ததைப் போட்டார். அவள் பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது, குழம்பில் உப்பில்லை. பழக்கதோஷத்தில் வாய் திறந்துகொண்டது. வெள்ளிக்கிழமை எந்த ஊருக்கு வந்தாலும் எனக்கு இதே கதிதான் என்றேன்.

மாமியார் சிரிக்கவில்லை. “உபாசத்துல இருக்கிறவ எப்படி மாப்ள ருசி பாத்து உப்பு போடுவா?”

என்ன உபவாசம் என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“பிள்ளைக்காகத்தான். நாலு வருசமா வெள்ளிக்கிழமைல இருக்கா. உங்களுக்குத் தெரியாதா?”

நாலு வருஷம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் பசியோடு கட்டிக்கொடுத்த தூக்கை உப்பளத்தில் திறந்து, கூட இருந்தவர்களுக்கும் ஒரு வாய் கொடுத்து, எல்லோருமாகச் சிரித்திருக்கிறோம். தட்டில் இருந்ததை வீணாக்க முடியாமல் உட்கார்ந்து முழுவதும் தின்று முடித்தேன். அவ்வளவு மெதுவாக நான் சாப்பிட்டதே கிடையாது.

பின்பக்கம் போனேன். அட்டையை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வாசித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. என் அட்டையை மாற்றி எடுத்த கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் ஒரு புடவையைக் கல்லில் போட்டு அடித்தாள்.

“நீ ஒப்புக்குடுத்தது உன்னுது. என்னுதையும் சேத்துக் குடுக்க நீ யாருய்யா?”

புடவையைத் திருப்பிப் போட்டு இன்னொரு அடி அடித்தாள்.

“இல்லன்னு சொல்றதா இருந்தா அவரே எங்கிட்ட சொல்லட்டும். சொன்னா கேட்டுக்கிறேன். அதுவரைக்கும் நான் கேட்டுகினுதான் இருப்பேன்.”

ஒப்புக்கொடுத்தேன் என்று சபைக்கு முன்னால் நான் பீற்றிக்கொண்டது, ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கச் சலிப்பாக இருந்ததால் கழற்றிவிட்டது மட்டும்தான். அவளோ, ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக உட்கார்ந்து, பட்டினியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் தனியாக. வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. ஜோக் எதுவும் வரவில்லை. அவள் புடவையைத் தூக்கியபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

“அடுத்த வெள்ளிக்கிழமை நானும் சாப்பிடாம இருக்கேன்,” என்றேன். “நம்ம வீட்ல. உன்கூட.”

என் முகத்தைப் பார்க்காமல் புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

“டீயும் குடிக்கக் கூடாது.”