சனிக்கிழமை வந்த சூடானி

எழுபதுகளில் பர் துபாயில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் நான் கிளார்க். வேலை கேட்டு வருகிறவர்களை மானேஜர் வரைக்கும் விடாமல் திருப்பி அனுப்புவதும் என் டியூட்டிதான். ‘வேலை மாஃபி’, வேலை இல்லை என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு முடிந்து ஆபீஸ் திறக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு சூடான் இளைஞர் வருவார். நெடிய உருவம். காலர் நைந்த, ஆனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பள்ளிச் சான்றிதழை உறையிலிருந்து எடுக்குமுன் கைக்குட்டையால் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்துக்கொள்வார். அதில் வியர்வை பட்டுவிடக் கூடாது.

“எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்று நானும் வாராவாரம் கேட்பேன். இல்லையென்று தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஏழாவதோ எட்டாவதோ வாரம், போகாமல் நின்றார்.

“பாய், எங்க ஊர்லயும் இதையேதான் கேட்டாங்க. முதல் வேலைக்குப் போனப்ப உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் எப்படிக் கிடைச்சது?” என்று இங்கிலீஷில் கேட்டார். குரலில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கும்பகோணத்தில் ரைஸ் மில் வைத்திருந்த என் மாமா, நான் அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக ஒரு லெட்டர் கொடுத்திருந்தார். அந்த மில்லுக்குள் நான் காலெடுத்து வைத்ததே இல்லை.

“கலாஸ், போதும். அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றேன்.

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஷுக்ரன்” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அப்படி ஒரு லெட்டரை நானே அவருக்கு அடித்துக் கொடுத்திருக்கலாம். டைப்ரைட்டர் என் முன்னால்தான் இருந்தது.