கடலில் விளைந்த கத்தரிக்காய்

காரைக்காலிலிருந்து மேற்கே போகும் வண்டிகளெல்லாம் எல்லையில் ஒரு பாழடைந்த சாவடி முன்னால் நின்றுவிட்டுத்தான் போகின்றன. பிரெஞ்சுக்காரர் நாளில் அங்கே மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்ப்பார்களாம். அந்தச் சுங்கத்துக்குத் துவான் என்று பெயர். கொடி இறங்கியதும் சிப்பாய்களும் போய்விட்டார்கள். கதவில்லை, ஆளில்லை, உள்ளே ஓர் ஆடு படுத்திருக்கிறது. ஆனாலும் எங்கள் வண்டிக்காரர் பக்கிரிசாமியின் மாடுகள் அந்த இடம் வந்தால் தாமாகவே நின்றுவிடும். "சர்க்கார் மாறுனது நமக்குத் தெரியுங்க ஆச்சி, மாட்டுக்கு யாரு போயி சொல்றது?" என்பார். முதல் தடவை நான் என்னையறியாமல் மூட்டையை அவிழ்த்து ஆட்டுக்குக் காட்டினேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

நன்னிலம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து காரைக்கால் ஒரு பகல் வண்டிப் பயணம்தான். இதைப் புலம்பெயர்தல் என்றால் பினாங்குக்கும் சைகோனுக்கும் போனவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கஞ்சித் தண்ணீரைக்கூட வேறு மாதிரி வடிக்கிற ஊர் வேறு தேசம்தான். நான் படித்தது அரிச்சுவடியோடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். சொல்வதில் பிழை இருக்காது.

என் மகன் நடராசன் டாக்டருக்குப் படித்து முடித்த சமயம், இங்கே ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிவிட்டார். நிரந்தரமாக ஒருவரைப் போடும்வரை தற்காலிகமாக இருக்கச் சொல்லி இவனை அழைத்தார்கள். தனியாகப் போனால் பையன் காப்பியைக் குடித்தே காலம் தள்ளிவிடுவான் என்று நானும் கிளம்பினேன். செய்தி கேட்ட என் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணி, தற்காலிகம்னா பாதி டாக்டரா? பாதி ஊசிதான் போடுவாரா?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நடராசனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தவள் அவள்தான். பெண்ணின் தகப்பனார், நிரந்தர உத்தியோகத்து உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுவேன் என்று சொல்லிவிட்டார்.

தற்காலிக டாக்டரின் வரும்படியைக் கேளுங்கள். சம்பளம் உண்டு, நிரந்தரக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. வருகிற அன்றைக்கு வரும். லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது, வருஷத்துக்கு வருஷம் ஏறுவதும் கிடையாது. ஆனால் வீடு! வெள்ளைக்காரர் விட்டுப்போன வீட்டில் ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் ஒரு கட்டில். அதில் ஒரே ஒரு நாள் படுத்தேன். கீழே எட்டிப்பார்த்து மயக்கம் வந்தது, பாயை விரித்துக்கொண்டேன். வெளியே போக ஒரு புஷ்புஷ், அதாவது ஆள் தள்ளுகிற வண்டி. அதில் கோயிலுக்குப் போனால் தெருவே எழுந்து "முசே டாக்டர் அம்மா" என்று கும்பிடும். எங்கள் ஊரில் நான் நடராசன் அம்மா. இங்கே பெயரில் பிரெஞ்சு கலந்துவிட்டது. நோன்பு மாதத்தில் பக்கத்து மரைக்காயர் வீட்டிலிருந்து தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வரும். நாங்கள் சைவம் என்று தெரிந்து தட்டைக்கூடப் புதிதாக வாங்கியிருந்தார்கள்.

எனக்குப் பிடிபடாத வரும்படி ஒன்று மண்டபத்தூரிலிருந்து வந்தது. அங்கே பிரசவத்தில் தவித்த ஒரு பெண்ணுக்காக நடராசன் இரண்டு நாள் அந்தக் குப்பத்திலேயே தங்கித் தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்திருந்தான். அடுத்த வாரம் அஞ்சலை என்கிற மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள். கரையில் வலை இழுத்ததும் மீனைப் பங்கு பிரிப்பார்களாம். கோயிலுக்கு, வண்ணாருக்கு, ஆண் துணையில்லாத வீடுகளுக்கென்று பங்கு உண்டாம். இப்போது டாக்டருக்கும் ஒன்று.

"எங்க வீட்ல மீன் புழங்காதும்மா" என்றேன் மூக்கைப் பிடிக்காத குறையாக.

"தெரியும் ஆச்சி. ஆனா பங்கு விழுந்தா விழுந்ததுதான். நா பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டது எப்படியென்றால், எங்கள் பங்கு மீனைத் தலத்தெரு விவசாயி வீடுகளில் கொடுத்து, பதிலுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தாள். கடலில் கத்தரிக்காய் விளைகிற தேசம் இது என்று நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். காயில் லேசாக மீன் வாடை இருக்கும். புளித்தண்ணீரில் ஊறவைத்தால் தெரியாது. அல்லது பழகிவிட்டது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் அறுவடையில் பங்கு வாங்குகிறவர் ஒரு ரகம், சம்பளம் வாங்குகிறவர் ஒரு ரகம். என் பிள்ளை சம்பளக்காரன். பெண் வீட்டார் திடீரென்று வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டு வாசலில் பங்கு இறங்குவதைப் பார்த்தால்? அந்தச் சமயத்தில்தான் நன்னிலம் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை என்று உத்தரவும் வந்து சேர்ந்தது. நடராசன் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "யோசிக்கணும்மா" என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? நானே ஒரு காரியம் செய்தேன்.

"அஞ்சலை, தம்பிக்கு இனிமே பங்கு வேண்டாம்னு உங்க ஊர்ல சொல்லிடு."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்புடியா ஆச்சி... எப்பலேருந்து?"

"இன்னையிலேருந்துதான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். கத்தரிக்காய்க்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தாண்டித்தான் நடராசன் சாப்பிட வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "அம்மா, மண்டபத்தூர்ல ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க. போன வருசத்து முதுகுவலி, சின்ன வயசுல வந்த காதுவலி, எல்லாத்தையும் இன்னைக்கே பாத்துடணுமாம். ஒரு பெரியவர் நல்ல பல்லைக் காட்டி, இது எப்படியும் வலிக்கத்தான் போவுது, இப்பவே புடுங்கிடுங்கங்கறாரு. என்ன ஆச்சு இவங்களுக்கு?"

என்ன ஆச்சு என்று சாயங்காலம் தெரிந்தது. அவர்கள் ஊர்த் தலைவரான நாட்டார் அஞ்சலையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை.

"டாக்டரய்யா எந்தக் கப்பலுக்குப் போறாருங்க? சைகோனுக்கா?"

"கப்பலா? யாரு சொன்னா?"

"ஆச்சிதானுங்களே பங்க நிறுத்தச் சொன்னீங்க. எங்க ஊர்ல ஒருத்தன் பங்க நிறுத்துன்னு சொன்னா, கரைய விட்டே போறான்னுதான் அர்த்தம். நோயில கெடந்தாலும் பங்கு நிக்காது. போனாத்தான் நிக்கும்."

ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "அவன் தற்காலிக டாக்டர்தானே? நிரந்தரம் இல்லாதவனுக்குப் பங்கு எதுக்குன்னு சொன்னேன்" என்றேன்.

நாட்டார் அப்போதுதான் சிரித்தார். "நாங்க மட்டும் என்ன, கடல்ல நிரந்தர உத்தியோகமா பாக்குறோம்? இருக்கிற வரைக்கும் பங்குங்க ஆச்சி."

நடராசன் உள்ளேயிருந்து வந்தான். உத்தரவு கிடந்த மேசையைத் தாண்டித்தான் வந்தான், அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பங்கை நிறுத்த வேண்டாம் நாட்டாரே. அம்மா தெரியாம சொல்லிட்டாங்க" என்றான். நன்னிலத்துக்கு அவன் என்ன பதில் எழுதப்போகிறான் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியாமல் சொன்னேன் என்றானே, அதற்கு மட்டும் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் கத்தரிக்காயை மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். நாத்தனாரும் வந்திருந்தாள். பெண்ணின் அம்மா காயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் வைத்தாள். தகப்பனார் தொண்டையைச் செருமினார்.

"உத்தரவு?"

"வந்துச்சு. வேண்டாம்னுட்டான்."

"அப்ப தற்காலிகமாவே... எத்தன நாளைக்கு?"

"அவன் இருக்கிற வரைக்கும்."

பங்கு, பல்லு, கப்பல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மனிதர் பல் கதைக்குச் சிரிக்கக் கூடாதென்று பார்த்தார், முடியவில்லை. "ஊரே கும்பலா வந்து போகாதேங்குதுன்னா, அதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?" என்று பெண்ணின் குரல் உள்ளேயிருந்து வந்தது. நாத்தனார், "நா அப்பவே சொன்னேனே அண்ணி" என்றாள். என்ன சொன்னாளோ!

திரும்பும்போது சாவடி முன்னால் மாடுகள் வழக்கம்போல நின்றன. முன்னங்கால்கள் காரைக்காலில், வண்டியும் நானும் இன்னும் நன்னிலத்துப் பக்கம். மூட்டையை அவிழ்த்தேன். போகும்போது கத்தரிக்காய் இருந்த துணியில் இப்போது வெற்றிலையும் பாக்கும் தேங்காயும். மீன் வாடை மட்டும் போகவில்லை. இது எந்தத் தேசத்துச் சரக்கு, கொண்டுபோகிறவள் எந்த ஊர்க்காரி என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஆடு ஒரு வெற்றிலையை எட்டிக் கடித்துக்கொண்டது. "ஓட்டட்டுங்களா ஆச்சி?" என்றார் பக்கிரிசாமி.

"இருப்பா, மாடு சொல்லட்டும்" என்றேன்.