சேற்றில் நின்று கேட்ட என் பெயர்

வனவிலங்குகளுக்கு உணவு போடக்கூடாது. பார்வையாளர் எவரையும் வழிகாட்டி தண்ணீரில் தனியே விட்டு விலகக்கூடாது. படகுத்துறைப் பலகையில் மும்மொழியிலும் எழுதியிருந்த விதிகளில் இந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. நான் அரச திணைக்களம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன். அறிவித்தல் பலகையைக் கண்டால் முழுவதும் வாசிக்காமல் நகரமாட்டேன். எனக்கு முன் யாரும் அதை வாசித்ததற்கான அறிகுறி அங்கே இல்லை.

சில வருடங்களுக்கு முன், மாசிப் பறுவமாகிய பௌர்ணமி கழிந்த மறுநாள் காலை அது. கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடிக்குள் நாங்கள் இருவரும் அடைந்து கிடக்கிறோம் என்று கனடாவில் இருக்கும் மகளுக்குக் கவலை. அங்கிருந்தபடியே எங்களுக்குக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஒரு பயணம் பதிவு செய்துவிட்டாள். கொழும்புக்குத் தெற்கே, சதுப்பு நிலத்துக்கு நடுவில், ஊற்றுகளால் நிறையும் ஓர் ஏரி. நீர்நாய், கபரகொய்யா எனப்படும் நீருடும்பு, நாரை எல்லாம் பார்க்கலாமாம்.

"முதலை?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் கொட்டாஞ்சேனைக்காரர், ஐம்பது வயதிருக்கும், முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர்.

"அது ஆத்துப் பக்கம் சேர். இங்க வர்றதெல்லாம் நம்ம ஆளுங்கதான்."

நானும் மனைவியும் ஒரு கயாக்கில் ஏறினோம். அவர் இன்னொன்றில் முன்னால் போனார். நாணற்புதர் ஓரத்தில் நிறுத்தி, துடுப்பால் தன் கயாக்கின் பக்கவாட்டில் தட்டினார். கூப்பிட்டதுபோல் இரண்டு கபரகொய்யாக்கள் நீந்தி வந்தன. இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து மீன் தலைகளை எடுத்துப் போட்டார்.

"சாப்பாடு போடக்கூடாது எண்டு பலகையில கிடக்கே," என்றேன்.

"கிடக்கு சேர். ஆனா ஒண்ணும் பாக்காம போனா வந்தவங்க போன்ல ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிருவாங்க. இங்க எல்லாரும் இப்படித்தான்."

முன்னால் இருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "பேசாமல் வாங்கோ. ஒபிஸ் நடத்தவே வந்தனீங்கள்?"

நான் துடுப்பை வலித்தேன்.

ஊற்றுக்கண் கரைக்கு உட்புறமாக இருந்தது. இறங்கிச் சேற்றில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி. அவள் கயாக்கிலேயே இருக்க, அதை ஒரு வேரில் கட்டிவிட்டு வழிகாட்டி என்னை அழைத்துப் போனார். வெள்ளை மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கொப்பளிப்பதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் அப்படித்தான். அருகில் என்றால் "இஞ்சாருங்கோ." நான் அடுத்த அறையில் இருந்தால் சமையலறை மேசையில் கரண்டியால் தட்டுவாள். நான் எழுந்து போவேன். அன்று கயாக்குக்கு எதிரே ஒரு நீர்நாய் தலை தூக்கியிருக்கிறது. குரல் கொடுத்தால் அது ஓடிவிடும். எனக்குக் காட்டாமல் இருக்கவும் மனம் வரவில்லை. துடுப்பை எடுத்துக் கயாக்கின் பக்கவாட்டில் தட்டினாள்.

சத்தம் கேட்டது. வீட்டில் திரும்புவதுபோல் அவசரமில்லாமல் திரும்பினேன். வழிகாட்டியின் முகம் அதற்குள் மாறிவிட்டது.

"அன்ரி, தட்டாதீங்க," என்றபடி ஓடினார்.

எதிர்க்கரை நாணலிலிருந்து தண்ணீரில் ஒரு கோடு புறப்பட்டு நேராக வந்தது. மரக்கட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். அது கயாக்கின் அருகே வந்து நின்றது. பாயவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து, தன் பங்குக்காகக் காத்திருப்பதைப்போல் காத்திருந்தது. அந்தப் பொறுமையைப் போன்ற பயங்கரத்தை நான் பிறகு கண்டதில்லை. மனைவி துடுப்பை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்திருந்தாள். ஒன்றும் விழவில்லை என்றதும் முதலை துடுப்பைக் கவ்வி இழுத்தது. கயாக் சரிந்தது. அவளுடைய தோள் தண்ணீரைத் தொட்டது.

அப்போது என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அதை முதல் தடவை கேட்கிறேன். எனக்குக் கால் எழவில்லை. சேறு பிடித்திருந்தது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சேறு கணுக்கால் அளவுதான்.

வழிகாட்டி இடுப்புப் பையை அப்படியே அறுத்து, கயாக்கைத் தாண்டித் தூர எறிந்தார். முதலை துடுப்பை விட்டு அந்தப் பக்கம் தாழ்ந்தது. அவர் அதே தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கிக் கயாக்கைக் கரைக்கு இழுத்து வந்தார்.

மனைவி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீர்நாய் ஒண்டு வந்தது. உங்களுக்குக் காட்டத்தான்," என்றாள்.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். "ஆத்துப் பக்கம் எண்டல்லோ சொன்னனீர்?"

அவர் தலை நிமிரவில்லை. "ஆத்திலதான் சேர் இருந்திச்சு. மத்த ஆளுங்க சாப்பாடு போட்டு இங்க பழக்கிட்டாங்க. தட்டினா வரும். காலைல வராதுன்னு நினைச்சேன்."

அடுத்த நாளே உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினேன். தண்ணீரில் இறங்கிய மனிதரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. தட்டிக் கூப்பிட்டுச் சாப்பாடு போடும் அந்த வழக்கத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். நினைவூட்டல்கள் போட்டேன். கடைசியில் பதில் வந்தது. விடயம் விசாரிக்கப்பட்டதாகவும், அந்த ஏரியில் முதலைகள் இருப்பதாகப் பதிவு இல்லை என்றும், பார்வையாளர்கள் துடுப்பினால் ஓசை எழுப்புவதைத் தவிர்ப்பது நன்று என்றும் அதில் இருந்தது. இல்லாத முதலைக்கு இவ்வளவு முன்யோசனை.

கோபப்பட்டிருக்க வேண்டும். தபாலை என் கையில் தந்த மனைவி, கண்ணாடியைத் தேடிக்கொண்டு, "என்னவாம்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அதன் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை, கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அந்தப் பை எறிபடாமல் இருந்திருந்தால், ஐயரை வரவழைத்து அவளுடைய ஆண்டுத் திவசத்தை நான் செய்துகொண்டிருக்க வேண்டிய திதியில், அடுத்த வருட மாசிப் பறுவத்துக்கு மறுநாளில், அந்தப் பதில் எங்களுக்குக் கிடைத்தது.